வடிகாலை முதலில்

பின்கதவின் இடது கொக்கி,
தார்ப்பாய்க் கயிறு மாட்டும் இடம்.
காலையில் மயிரிழை விரிசல்.
வடுவூர் தாண்டுவதற்குள் வாய் பிளந்துவிட்டது.
நல்லவேளை, காலி வண்டி.

மன்னார்குடிப் பட்டறையில் ஜபருல்லா
வெல்டிங் கம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.
"ரெண்டு பொட்டு. அஞ்சு நிமிசம்."

போன தையில் இதே அஞ்சு நிமிசத்தில்தான்
ஞானப்பிரகாசம் வண்டிக்கு மூளை செத்தது.
சீட்டுக்குப் பின்னால் உள்ளங்கை அகலப் பெட்டி.
புகை இல்லை, கருகல் வாடை இல்லை.
சாவியைத் திருப்பினால்
டேஷ்போர்டு முழுக்கக் கல்யாண வீட்டு விளக்கு.
எஞ்சின் மட்டும் வரவில்லை.
கொள்முதல் நிலையத்து வாசலில் நானூறு மூட்டை
அவனுக்காகக் காத்திருந்து முளைவிட்டது.

பொறு, என்றேன்.
சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டேன்.
பிறகு மோதிரம்.
அது போட்டபோது இருந்த விரல் வேறு.
கிரீஸ் தடவி, திருகி, பல்லைக் கடித்து
கழற்றி டிபன் கேரியரின் மேல்தட்டில் போட்டேன்.
அடியில் வெயிலே பார்க்காத வெள்ளை வளையம்.

பேட்டரிப் பெட்டியைத் திறந்தேன்.
இரண்டு பன்னிரண்டு, சேர்ந்து இருபத்துநாலு.
முனைகளில் பச்சையாய் உப்புப் பூத்திருந்தது.
கறுப்பில் ஸ்பேனரை வைத்தேன்.

"ஏய், சிவப்ப மொதல்ல எடு."
தருமையன். என் மச்சான்.
மூணாறு தலைப்பில் லஸ்கர்.
"தலைமதக அடைக்காம
எவனாவது வாய்க்கால்ல கை வப்பானா?"

எனக்கும் ஒரு கணம் சரியென்றுதான் பட்டது.
ஷட்டர் திருகியே காய்த்துப்போன கை
சும்மா பேசாது.

ஆனால் மச்சான், இது வேறு பாசனம்.
போவதற்கு ஒற்றை வாய்க்கால்,
ரப்பர் போர்த்தியது.
திரும்பி வருவதற்குத்தான் கரையே கிடையாது.
சேஸிஸ், ஆக்சில், கேபின், இந்தக் கொக்கி,
நீ சாய்ந்து நிற்கும் மட்கார்டு,
இரும்பு அத்தனையும் வடிகால்.
சிவப்பைத் திருகும்போது ஸ்பேனரின் வால்
எங்கே இடித்தாலும் உடைப்புதான்.
பழுத்து, வெளுத்து, ஒட்டிக்கொள்ளும்.
மோதிரம் இருந்தால் விரலோடு.
கறுப்பை எடுத்துவிட்டாலோ
போக்கிடம் இல்லாமல் அப்படியே நின்றுவிடும்.

தருமையன் டீயை ஊதினான்.
"கோரையாத்துல வடிகால அடச்சா
ஊரு முழுவும்டா."

உண்மைதான்.
எந்தக் கரையிலும் எங்கோ ஒரு நண்டுவளை,
நான் சொன்ன கதையிலும்.
பதில் சொல்லாமல் கறுப்பைக் கழற்றினேன்.
தானே சுருண்டு வந்து தொடாதபடி
பழைய லுங்கித் துணியைச் சுற்றி ஒதுக்கினேன்.
அப்புறம் சிவப்பு.
அப்புறம் மூளைப் பெட்டியின் பிளக்.

ஜபருல்லா எர்த் கவ்வியை
முன்பம்பரில் மாட்டப் போனான், வசதியாக.
இங்கே, ஒரு சாணுக்குள், என்றேன்.
முனகிக்கொண்டே பெயிண்டைச் சுரண்டினான்.
வெளிச்சம் வெடித்தது.
மூன்று பேரும் மூன்று திசை பார்த்தோம்.

கொக்கி ஆறியது.
திரும்ப மாட்டும்போது சிவப்பு முன்னால்.
கடைசியில் கறுப்பு தொட்டபோது
ஒரு நெல்மணி அளவு பொறி.
மச்சான் மட்டும் ஓரடி பின்னால் போனான்.

எஞ்சின் முதல் திருகிலேயே வந்தது.
ரேடியோதான் எல்லாவற்றையும் மறந்திருந்தது,
பிடித்து வைத்திருந்த ஸ்டேஷன்களை,
மணியை.
பன்னிரண்டு, பன்னிரண்டு என்று சிமிட்டியது.
வெளியே நாலரை.

அன்று ராத்திரி நெல்லோடு
நீடாமங்கலம் கேட்டில் நின்றேன்.
எனக்கு முன்னால் பதினோரு வண்டி.
பசித்தது. கேரியரைத் திறந்தேன்.
மேல்தட்டில் அவள் வைத்த மாவடு,
அதன் உப்புநீரில் மோதிரம்.
எடுத்து நக்கிப் பார்த்தேன். புளித்தது.
விரலில் ஏற்றப் பார்ப்பதற்குள்
கூட்ஸ் போய், கேட் தூக்கி,
பின்னால் ஒருத்தன் ஹாரனை அமுக்கிவிட்டான்.

ரேடியோவில் மணி ஐந்து பத்து.
அதற்கு அப்போதுதான் சாயங்காலம்.